ஆடி மாதத்துக் கறுப்புப் பட்டை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரை ஒட்டிய பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வீடமைப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். வேலைக்குப் பெயர் புரோஜெக்ட் கிளார்க். எந்த சைட்டில் எந்த வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று போன் போட்டுக் கேட்டு, கேட்டதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மாதக் கடைசியில் அறிக்கையாக அடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கென்றே ஒரு புரோகிராம் வாங்கியிருந்தார்கள். அதன் கையேடு கல்யாணப் பத்திரிகைக் கட்டு போல் கனமாக இருந்தது. என்னைத் தவிர அதைத் திறந்து பார்த்தவர் யாருமில்லை.

அறிக்கை முழுக்க எண்களும் கட்டங்களும்தான். கிள்ளானிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, நெரிசலில் கால் கடுத்து, நான் ஏற்றிய எண்கள். கூட்டத்தில் எல்லோரும் முதல் பக்கத்தைப் புரட்டுவார்கள், இரண்டாம் பக்கத்துக்கு வரும்போது கண் பிஸ்கட் தட்டுக்குப் போய்விடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நான் கூட்டத்தில் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுக்கிறவள். வாயைத் திறக்க முடியாது.

எங்கள் மேனேஜருக்கும் அதே எரிச்சல் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் பிரிக்பீல்ட்ஸ்காரர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம். அவரும் அரசாங்கத்தில் இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சில் ஒரு வார்த்தை மிகையாக இருக்காது. ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்றார்.

"பிள்ளை, போன மாச ரிப்போர்ட்டை ஒருத்தரும் வாசிக்கேல்லை. இந்த மாசம் சார்ட் போடு. படம் எண்டா பாப்பினம்."

படம் என்றால் பார்ப்பார்கள். அவர் சொன்னது அப்படியே பலித்தது. பலித்த விதம்தான் வேறு.

வரைபடத்தை அறிக்கைக்குள் வைப்பது இப்போது பிள்ளைகளுக்கு விளையாட்டு. அன்றைக்கு அது என்னைப் பாடாய்ப் படுத்தியது. எந்த எண்கள் வேண்டும் என்று குறிக்க வேண்டும், எந்த வகைப் படம் என்று சொல்ல வேண்டும், அப்புறம் அது பக்கத்தில் எங்கே உட்கார வேண்டும் என்று இடம் காட்ட வேண்டும். இடம் காட்டினால் அது எழுத்தின் மேலே ஏறி உட்காரும். இறக்கிவிட்டால் பாதிப் படம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். மாதங்களின் பெயர்கள் கீழே விழுந்து காணாமல் போகும். எங்கள் பிரிண்டர் ஊசி தட்டி அச்சடிக்கும் ரகம், அதற்குக் கறுப்பு மட்டும்தான் தெரியும். ஆகையால் வண்ணத்துக்குப் பதில் கோலம்: முதல் வகைக்கு வெறும் வெள்ளை, இரண்டாவதற்குச் சாய்ந்த கோடுகள், மூன்றாவதற்கு முழுக் கறுப்பு. இந்த வரிசையை நான் தேர்ந்தெடுக்கவில்லை. புரோகிராம் தானாகவே வைத்துக்கொண்ட முறை அது.

முதல் படம் ஒழுங்காக வந்த அன்று நான் அலுவலகத்தில் கொஞ்சம் மிதப்பாகத்தான் நடந்தேன். பேன்ட்ரியில் தண்ணீர் குடிக்கப் போகும்போதுகூட அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த நேரத்தில் கிள்ளானுக்கு வெளியே ஒரு மலிவு விலை வீட்டுத் திட்டம் முடியும் நிலையில் இருந்தது. வரிசை வரிசையாகச் சின்னத் தரைவீடுகள். முன் வரிசைகள் கிள்ளான் டவுன் ஆட்களுக்கு விழுந்திருந்தன, மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாம் கலந்து. பின் வரிசைகளில் பெரும்பாலும் கேரி தீவுத் தோட்டத்து ஜனங்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், வேலை ஓய்ந்ததும் லயத்து வீட்டைத் தோட்டத்துக்கே திருப்பிக் கொடுக்க வேண்டியவர்கள். குலுக்கலில் பேர் விழுந்தவர்களுக்கு வீடு. அவர்களுக்குப் போகும் கடிதத்தின் அடியில் ஒரு நிபந்தனை இருந்தது. அறிவிப்பு வந்த பிறகு கெடுவுக்குள் சாவி வாங்காவிட்டால் வீடு காத்திருப்போர் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

அந்தத் தோட்டத்து ஆட்களில் ஒரு அக்காவை எனக்குத் தெரியும். ஜூன் மாதத்தில் நான் சைட் ஆபீசுக்குத் தகவல் வாங்கப் போயிருந்தபோது, அவர் தன் வீட்டைப் பார்க்க வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கறுத்து ஒல்லியாக, முதுகு நேராக இருப்பார். புருஷன் இல்லை. ஒரே மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டார். கடைசி வரிசையில் மூலை வீடு அவருக்கு. ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார், சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், பின்பக்கம் போய் அங்கேயும் கையை வைத்தார்.

"உள்ள போய்ப் பாருங்கக்கா, திறந்துதான் கிடக்கு," என்றேன்.

"வேணாம்மா. சாவி கைக்கு வரட்டும், அப்புறம் போறேன்."

அடுத்த வருஷம் தனக்கு வேலை ஓய்வு என்றார். "லயத்து வீட்டக் கேட்டுருவாங்க. மக வீடு ஃபிளாட்டு, அவங்களுக்கே எடமில்ல. இது ஒண்ணுதாம்மா எனக்கு." அழுகையெல்லாம் இல்லாமல், பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

சாவி ஜூனிலேயே கொடுப்பதாக இருந்தது. தண்ணீர் இணைப்பு இழுத்தடித்தது. கடிதங்கள் போனபோது ஜூலை பாதி ஆகிவிட்டது. முன் வரிசைக்காரர்கள் மளமளவென்று வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். நான் அந்த மாத அறிக்கையில் சாவி ஒப்படைப்புக்கு ஒரு தனி வரைபடம் சேர்த்தேன். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பட்டை. சாவி வாங்கியது வெள்ளை, வருவதாகச் சொன்னது சாய்கோடு, வராதது கறுப்பு.

அச்சடித்து எடுத்துப் பார்த்தபோது முன் வரிசைகளின் பட்டைகள் ஏறக்குறைய வெள்ளை. பின் வரிசைகள் இரண்டும் அடியிலிருந்து உச்சி வரை கறுகறு என்று நின்றன. பிரிண்டர் ரிப்பன் புதுசு வேறு. கை வைத்தால் மை ஒட்டியது.

எங்கள் முதலாளி சீனர். நாங்கள் தவுக்கே என்போம். எண்களைப் பார்த்தால் கொட்டாவி விடுகிறவர், அன்று அந்தப் பக்கத்தைத் திறந்ததும் பிஸ்கட்டை வைத்துவிட்டார். கறுப்பின் மேல் விரலால் தட்டினார். "கோசோங்!" என்றார். மலாயில் காலி என்று அர்த்தம். இவ்வளவு வீடு காலியா, யாருக்கும் வேண்டாமா என்று கேட்டார். காத்திருப்போர் எத்தனையோ பேர் வாசலில் வந்து நிற்கிறார்களே, அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்றார். மேனேஜர் கெடு இன்னும் பத்து நாளில் முடிகிறது என்றார். முடிந்ததும் மாற்றிவிடுவதாக முடிவானது.

எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள். என் எண்களை யாரும் இவ்வளவு வேகமாகப் படித்ததில்லை. அதே எண்கள் கட்டத்தில் கிடந்திருந்தால் ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது, அந்த வீடுகள் பாட்டுக்குக் கிடந்திருக்கும். படம் போட்டதால் கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதும், கேட்க ஒன்றுமில்லை என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். குறிப்பு எடுத்துக்கொண்டே நான் நினைத்தேன்: ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த அந்த அக்காவுக்கா வீடு வேண்டாம்?

தோட்டத்து மளிகைக் கடையில் ஒரு போன் இருந்தது. கடைக்காரர் ஆளனுப்பிக் கூப்பிட்டு வருவார். கூப்பிட்டேன். அக்கா மூச்சு வாங்க வந்து பேசினார்.

"ஏன்க்கா சாவி வாங்க வரல? கடுதாசி வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சும்மா. ஆடி முடியட்டும், வரேன்."

நான் அப்படியே நெற்றியில் அடித்துக்கொண்டேன். போனில் சத்தம் கேட்டிருக்கும். ஆடி பிறந்த அன்றைக்கே என் அம்மா கிள்ளானில் எங்கள் வீட்டு நிலையில் வேப்பிலை செருகி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூழ் ஊற்ற என்னை அடுப்பண்டை நிற்க வைத்திருந்தார். அதற்கு முந்தின வாரம்தான் நான் புதுச் செருப்பு வாங்கி வந்ததற்கு, "ஆடியில எவளாச்சும் புதுசு வாங்குவாளா?" என்று திட்டும் வாங்கியிருந்தேன். வீட்டில் ஆடி, அலுவலகத்தில் ஜூலை. இரண்டும் ஒரே நாட்கள்தான் என்று என் மண்டைக்கு உறைக்கவே இல்லை. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள். பின் வரிசைகள் முழுக்கக் கறுத்துப் போனதற்கு இவ்வளவுதான் காரணம்.

"அக்கா, குடிபோக வேணாம். சாவிய மட்டும் வாங்கி வைங்க. இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க லா."

"சாவி வாங்கினா வீட்டையே வாங்கினதுதானேம்மா. ஆவணியில வரேன்," என்றார். போனை வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வீடு போனால் ஆவணியில் எங்கே போய்ப் பால் காய்ச்சுவது? சாவியை வாங்கி வைத்தால் சாமி கண்ணைக் குத்துமா? இருந்தாலும் அக்காவிடம் கோபப்பட்டு என்ன பிரயோஜனம் என்று மேனேஜரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரிப்போர்ட்டில ஆடி, ஆவணி எல்லாம் எழுதேலாது பிள்ளை. கெடு எண்டா கெடுதான்."

"சார், உங்க வீட்லயும் பார்ப்பாங்கதானே?"

"வீட்டில பாக்கிறது வேற. அதுக்கு இஞ்ச ஒரு இடமும் இல்லை."

இடம் இல்லை என்று அவர் சொன்னது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மத்தியானம் கையேட்டைப் புரட்டினேன். நாள்காட்டி என்றொரு அத்தியாயம். எந்தெந்த நாளில் வேலை நடக்காது என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். ஹரி ராயா, சீனப் புத்தாண்டு, தீபாவளி எல்லாம் ஏற்கெனவே நான்தான் குறித்து வைத்திருந்தேன். அந்த நாட்களைப் புரோகிராம் தாண்டிப் போய்விடும், தாமதம் என்று கணக்குப் பண்ணாது. அடுத்த பக்கத்தில் இன்னொன்று இருந்தது. எல்லோருக்கும் ஒரே நாள்காட்டி வேண்டும் என்றில்லையாம். ஒரு கூட்டத்துக்கு மட்டும் தனியாக ஒன்று வைக்கலாமாம். மழையில் வேலை செய்ய முடியாத கூரை வேலைக்காரர்களுக்காக அதை யாரோ யோசித்திருக்கிறார்கள்.

நான் பின் வரிசை வீட்டுக்காரர்களுக்கு ஒரு நாள்காட்டி திறந்தேன். ஆடி முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை வேலை இல்லாத நாள் என்று அடைத்தேன். பெயர் கேட்டது. ஆடி என்று ஆங்கில எழுத்தில் போட்டேன். என்டரைத் தட்டினதும் ஸ்க்ரீன் ஒரு தடவை வெளுத்தது, அப்புறம் எந்த வேலை எந்தத் தேதியில் என்று காட்டும் படத்தைத் திரும்ப வரைந்தது. சாவி ஒப்படைப்பு என்ற பட்டை, பின் வரிசைகளுக்கு மட்டும், ஒரு மாதத்தைத் தாண்டிக் குதித்து ஆவணியில் போய் உட்கார்ந்தது. அது இருந்த இடத்தில் ஒரு வெற்றிடம், அதன் மேல் ஆடி. அதில் கறுப்பே இல்லை. தாமதம் என்று எதுவுமே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. பக்கத்து மேசைப் பெண் தலைவலியா என்று கேட்டாள்.

மேனேஜரிடம் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். நான் செய்ததில் தப்பு கண்டுபிடிக்கப் பார்க்கிறார் என்று தெரிந்தது. கண்டுபிடிக்க முடியவில்லை என்பதும் தெரிந்தது. "இதை நான் விளங்கப்படுத்த மாட்டன். கேட்டா நீயே சொல்லு," என்று மட்டும் சொல்லிவிட்டு, அதை அறிக்கையில் விட்டுவைத்தார். அவருக்கு அது பெரிய விஷயம்.

கெடு முடிவதற்கு முன்னால் நடந்த அடுத்த கூட்டத்தில் தவுக்கே அந்த வெற்றிடத்தின் மேல் விரலை வைத்தார். இது என்ன ஓட்டை, யார் விடுமுறை என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார். கூட்டத்தில் நான் முதன்முதலாக வாயைத் திறந்தது அன்றுதான். குரல் நடுங்கியது. இந்த மாதத்தில் நாங்கள் வீடு மாற மாட்டோம், அவர்களுக்கு வீடு வேண்டாம் என்றில்லை, மாதம் முடிந்ததும் எல்லோரும் வருவார்கள் என்று சொன்னேன்.

தவுக்கே நாற்காலியில் சாய்ந்தார். "அலா! சேம் சேம் லா!" என்றார்.

சீனர்களுக்கு ஏழாம் மாதம் ஆவிகள் உலவும் மாதம். அவர்களும் அதில் வீடு மாற மாட்டார்கள். அந்த வருஷம் அது ஆடியோடு ஒட்டிக்கொண்டுதான் வந்தது. தன்னுடைய பங்களா கட்டி முடிந்தும் மனைவி ஒரு மாதம் காலெடுத்து வைக்க விடவில்லை என்றும், அந்த மாதத்தில் வீடு மாறுவது பேய் மட்டும்தான் என்றும் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினார். "யூ ஆல்சோ இந்தியன், யூ டோன்ட் நோ?"

மேனேஜர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாவமாகவும் இருந்தது. ஆவணி பிறந்து ஒரு வாரம் வரை, அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று கெடு நீண்டது.

ஆவணி பிறந்த அன்று சைட் ஆபீஸ் திருவிழாவாகிவிட்டது. கேரி தீவிலிருந்து லோரி பிடித்து வந்தார்கள். சாவியைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடு என்று ஒரு ஆன்டி என்னையே அதட்டினார். தட்டுக்கு எங்கே போவேன், கோப்பு அட்டையில் வைத்துக் கொடுத்தேன். தினமும் எண்களை ஏற்ற ஏற்றப் பட்டைகள் வெளுத்துக்கொண்டே வந்தன. நான்கைந்து நாளில் பின் வரிசைகள் இரண்டும் வெள்ளை. கடைசி வரிசைப் பட்டையின் உச்சியில் மட்டும் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. ஒரே ஒரு வீடு.

மூலை வீடு.

கடைக்குப் போன் அடித்தேன். வேலைக்குப் போயிருக்கு என்றார் கடைக்காரர். மறுநாளும் அடித்தேன். சொல்லியாச்சும்மா, வரேன்னுச்சு என்றார். அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். இந்த ஒரு ஆளுக்காக எவ்வளவு மன்றாடி, எவ்வளவு நடுங்கிப் பேசி வாங்கின வாரம் இது. மேனேஜரே ஒரு தடவை என் மேசைக்கு வந்து, "உன்ர அக்கா எங்க பிள்ளை?" என்று கேட்டார். கடைசி நாள் காலையில் நான் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போகவில்லை. அவரிடம் சொல்லிவிட்டு நேரே சைட் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பத்து மணி போல அக்கா வந்தார். தனியாக. ஒரு கையில் பால் பாத்திரம், இன்னொரு கையில் துணிப் பை. அவசரமே இல்லாத நடை. அந்த நடையைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்க்கா, ஆவணி பொறந்து எத்தன நாளாச்சு? எல்லாரும் மொத நாளே வாங்கிட்டாங்க. உங்களுக்கு மட்டும் என்ன? இன்னிக்கோட போயிருக்கும், தெரியுமா?"

"தெரியும்மா. அதுக்குள்ளதானே வந்திருக்கேன்."

"நேத்து வந்தா என்ன? நல்ல நாள் இல்லையா?"

"நல்ல நாளெல்லாம் மொத நாளே நல்ல நாளுதான்." பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. "தோட்டத்துல எத்தனையோ லயம் மாறியாச்சும்மா. ஆபீஸ் கிராணி வருவாரு. இன்னிக்கே மாறுன்னுவாரு. ஆடின்னு பார்க்க மாட்டாரு, அமாவாசைன்னு பார்க்க மாட்டாரு. என் மக பொறந்து பத்து நாள்ல மழையில மாறியிருக்கேன். இதுக்கும் எல்லாரும் வா, வான்னாங்க. லோரி வந்திருக்கு, ஏறுன்னாங்க. நீயும் போன் மேல போன் போட்ட. எனக்கா தோணுற நாள்ல வரணும்னு இருந்துச்சு. காலையில எந்திரிச்சேன். தோணுச்சு."

நான் அத்தனை நாளும் அவருக்கு ஆடியின் மேல் பயம் என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்காகப் பரிதாபப்பட்டு, அவருக்காகக் கோபப்பட்டு, நாள்காட்டியெல்லாம் அடைத்து வைத்திருந்தேன். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். நிதானமாகப் போட்டார்.

கூட வரச் சொன்னார். போனேன். வரிசை முழுக்க மாவிலையும் கோலமுமாக இருந்தது, பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மூலை வீட்டு வாசல் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அக்கா பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு, சாவியை வைத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"திறங்கக்கா," என்றேன். என் சுபாவம் அப்படி.

"இரும்மா."

கதவையே பார்த்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்: "இனிமே என்னைய யாரும் மாறச் சொல்ல முடியாதுல்ல?"

"முடியாதுக்கா."

அதற்குப் பிறகுதான் சாவியைப் பூட்டில் வைத்தார்.